டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 11 போதுமா? ஊசி டோஸை ஏன் கூட்டுறதில்ல?

வாரத்துக்கு 2, 3 முறை டயாலிசிஸ், கூடவே எரித்ரோபாய்டின் ஊசி. இருந்தும் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டுவதில்லை. "நார்மல் 13 தானே, டோஸைக் கூட்டலாமே?" எனப் பல குடும்பங்கள் கேட்கின்றன.

ரத்தசோகை ஏன் வருது?

சிவப்பணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஹார்மோன், பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. கிட்னி செயலிழந்தால் அதுவும் குறையும். டயாலிசிஸின்போதும் கொஞ்சம் ரத்தம் வீணாகும்.

டோஸைக் கூட்டினா என்ன ஆகும்?

இதய நோயும் இருந்த 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1998-ல் வெளியானது. ரத்த அளவை நார்மலுக்கு உயர்த்திய பிரிவில் உயிரிழப்பும் மாரடைப்பும் அதிகம் தெரிந்ததால், ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஹீமோகுளோபின் 11-ஐ நெருங்கினாலே டோஸைக் குறைக்க வேண்டும் என அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2011-ல் அறிவுறுத்தியது.

ரத்தம் ஏத்திக்கலாமா?

அவசரம் என்றால் மட்டுமே. அடிக்கடி ரத்தம் ஏற்றினால் உடலில் எதிர்ப்பணுக்கள் உருவாகி, பின்னாளில் மாற்று சிறுநீரகம் பொருந்துவது கஷ்டமாகலாம்.

ஊசி போட்டும் ஏறலையா?

முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பரிசோதனைகள் அதைக் காட்டும். குறைவு என்றால் டயாலிசிஸின்போதே நரம்பு வழியாக இரும்பு மருந்து தரலாம். நோய்த்தொற்று, ரத்தக்கசிவு இருந்தாலும் ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால் டோஸைக் கூட்டச் சொல்வதற்கு முன், "இரும்புச்சத்து எவ்வளவு இருக்கு?" என டாக்டரிடம் கேளுங்கள்.