எண்ணைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது

மெய்நிகர் இயந்திரம் மெதுவாக ஓடுகிறது என்று ஓர் ஆய்வு மாணவர் முறையிட்டால், நம் ஆய்வகங்களில் கிடைக்கும் முதல் அறிவுரை 'கோர் எண்ணிக்கையைக் கூட்டு' என்பது. கூட்டியும் பயனில்லையென்றால் 'வேறு கணினி வாங்கு' என்பது இரண்டாவது அறிவுரை. இரண்டுக்கும் நடுவே எந்தச் சோதனையும் நிகழ்வதில்லை. நோயை விசாரிக்காமல் மருந்தின் அளவை மட்டும் ஏற்றுகிற இந்த வைத்தியத்தின் செலவு, உதவித்தொகையில் காலந்தள்ளும் மாணவரின் தலையில் விடிகிறது.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. 'கோர்' என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு பொருள்கள் அழைக்கப்படுகின்றன: சில்லில் உண்மையாகவே இருக்கும் கோர், ஹைப்பர்திரெடிங்கால் ஒன்று இரண்டாகத் தோன்றும் நிலை, மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒதுக்கப்படும் விசிபியு. மடிக்கணினியில் இருப்பவை 4 கோர்கள். டாஸ்க் மேனேஜர் காட்டுவதோ 8. அந்த எட்டையும் உள்ளே ஒதுக்கிவிட்டால், தாய்க் கணினியும் மெய்நிகர் இயந்திரமும் அதே நான்குக்காக மோதிக்கொள்ளும். ஒரு விசிபியு பொதுத் தரவு ஒன்றைப் பூட்டிவைத்திருக்கும் நேரத்தில் அதன் முறை பறிபோனால், மற்ற விசிபியுக்கள் பூட்டு திறக்கும்வரை வீணே சுழன்றுகொண்டிருக்கும். எண் ஏறும்; வேகம் இறங்கும்.

ஒதுக்கியது உள்ளே சென்று சேராத கதை இன்னொன்று. விண்டோஸ் 10 ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டுமே ஏற்கும். புரோ பதிப்பு இரண்டை ஏற்கும். கியூஎமுவில் அமைப்பைக் குறிப்பிடாமல் 8 விசிபியு கேட்டால், 6.2-க்கு முந்தைய இயந்திர வகைகள் அவற்றை 8 தனித்தனிச் சாக்கெட்டுகளாக அடுக்கின. ஹோம் பதிப்பு அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைப் புறக்கணிக்கும். '1 சாக்கெட், 8 கோர்' என்று மாற்றி எழுதினால் எட்டும் தெரியும். காசு செலவில்லை. பலகையில் இல்லவே இல்லாத ஒரு சாக்கெட்டுக்கு உரிம வரம்பு விதிப்பது என்ன நியாயம்? அந்த வரம்பைக் கணினியின் பலவீனம் என்று மாணவரை நம்பவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

விர்ச்சுவல்பாக்ஸிலும் இதே நிலைதான். பயாஸில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி அணைந்திருந்தாலும், ஐ/ஓ ஏபிக் தேர்வு நீங்கியிருந்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விசிபியு கைகூடாது. தாய்க் கணினியில் ஹைப்பர்-வி இயங்கினால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன்மேல் சவாரி செய்ய நேர்ந்து வேகம் சரியக்கூடும். சாளரத்தின் அடியில் தோன்றும் ஆமைச் சின்னம் அதற்கே சாட்சி.

'இவையெல்லாம் கையேட்டில் உள்ளனவே' என்பார்கள். உள்ளன. ஹைப்பர்திரெட்களைச் சேர்க்காமல், உண்மையான கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள் என்றே விர்ச்சுவல்பாக்ஸ் கையேடு சொல்கிறது. அதை மாணவர் படிக்கவில்லை என்று குறைகூறுவோர், 'கூட்டு' என்று சொல்லுமுன் தாம் அதைப் படித்தார்களா என்பதே கேள்வி.

எல்லாம் சரியாக அமைந்தபின்னும் ஓர் எல்லை உண்டு. ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்தின்படி, ஒரு வேலையில் பாதி வரிசையாகவே நடந்தாக வேண்டுமென்றால், ஆயிரம் கோர்கள் தந்தாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. ஒற்றை இழையில் ஓடும் நிரலுக்கு எட்டாவது கோர் வெறும் அலங்காரம்.

ஆகவே, புதிய கணினிக்கான கோரிக்கைத் தாளில் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். உண்மையான கோர்கள் எத்தனை? மெய்நிகராக்க வசதி திறந்திருக்கிறதா? உள்ளிருக்கும் இயங்குதளம் எத்தனை கோர்களைக் காண்கிறது? நிரல் எத்தனையைப் பயன்படுத்துகிறது? இந்நான்கையும் கேட்காமல் வாங்கப்படும் கணினியிலும் அதே பிழை அப்படியே குடியேறும். செலவான பணம் மட்டும் திரும்பாது.