கேஸ்பேஸ் ஒளிர்ந்தால் கேன்சர் குணமாகிடுமா?

1/ "மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுநோய் செல்களைத் தற்கொலை செய்ய வைக்கிறது, ஆய்வில் நிரூபணம்!" இந்த பார்வேர்டு உங்களுக்கும் வந்திருக்கும். லேபில் அப்படி நடக்கிறது உண்மைதான். ஆனா அதை வச்சு "அப்போ கீமோ வேண்டாம்"னு முடிவெடுப்பது உயிருக்கே ஆபத்து. ஏன்னு பார்ப்போம்.

2/ நம் உடம்பில் வேண்டாத செல்கள் தாங்களாகவே ஒழுங்காகச் செத்துப்போகும். இதற்குப் பேர் அப்போப்டோசிஸ். கருவில் விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு மறைவது இப்படித்தான். இந்த வேலையை முடிப்பவை கேஸ்பேஸ் என்ற நொதிகள். கத்தரிக்கோல் மாதிரி செல்லின் புரதங்களை வெட்டித் தள்ளும்.

3/ இதை லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கேஸ்பேஸ்-3 நாலு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையைத் தேடி வெட்டும். அதே வரிசையில் ஒரு சாயத்தைக் கட்டி செல்களோடு கலப்பாங்க. வெட்டு விழுந்தா சாயம் விடுபட்டு ஒளிரும். ஒளி கூடினா கேஸ்பேஸ் வேலையும் கூடியிருக்குன்னு அர்த்தம்.

4/ அழகான டெஸ்ட். ஆனா அது சொல்வது ஒன்றுதான்: இந்தத் தட்டில், இந்த அளவு மருந்துக்கு, கேஸ்பேஸ் வேலை செஞ்சது. டெஸ்ட் சரியா இருக்கான்னு பார்க்க ஸ்டாரோஸ்போரின்னு ஒரு பொருளைப் போடுவாங்க. பிரமாதமா ஒளிரும். அது நல்ல செல்களையும் சேர்த்தே கொல்லும்!

5/ அடுத்த சிக்கல், அளவு. தட்டில் குர்குமினை நேரடியா செல் மேல ஊத்தலாம். வாய்வழி சாப்பிட்டா குடல் சரியா உறிஞ்சாது, கல்லீரல் சீக்கிரம் மாத்திடும். தினம் 8 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில்கூட ரத்தத்தில் சேர்ந்தது ரொம்பக் குறைவு.

6/ செல் தற்கொலையைத் தூண்டும் நிஜ மருந்தே இருக்கு: வெனிடோகிளாக்ஸ். கேஸ்பேஸைத் தடுத்து வைக்கும் பிசிஎல்-2 புரதத்தை முடக்கும். மனிதர்களிடம் சோதித்த பிறகே, 2016இல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைச்சது. அதையும் 20 மில்லிகிராமில் ஆரம்பிச்சு 5 வாரத்தில் படிப்படியா 400க்கு ஏத்துவோம். செல்கள் மொத்தமா செத்தா கிட்னி தாங்காது.

7/ அதனால அடுத்த முறை ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது தட்டிலா, எலியிலா, மனுஷங்களிலா?" செய்தி போடுற சேனல்களும் இதைத் தலைப்பிலேயே சொல்லணும். அதைச் சொல்லாம விடுவது அலட்சியம்னுதான் நான் சொல்வேன்.

8/ மஞ்சளைக் குழம்பில் தாராளமா போடுங்க. கேப்சூலா எடுக்கணும்னா உங்க டாக்டரிடம் கேட்டுட்டு எடுங்க. சிகிச்சையை மட்டும் நிறுத்திடாதீங்க. குணப்படுத்தக்கூடிய கட்டியைக் கைமீறிப் போகவிட சில மாசம் போதும்.