கோழித்தீன் மூடைக்குப் பின்னால்



2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வன்னியில் மீள்குடியேறிய கிராமமொன்றுக்கு வெளிக்களப் பணிக்காகச் சென்றிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்த அக்கா ஒருவர், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கோழிகளில் பாதியை விற்றுவிட்டிருந்தார். "முட்டை வித்த காசு தீனுக்கே காணுதில்லை பிள்ளை. எனக்குக் கைராசி இல்லைப் போல" என்றார்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. கூட்டுக்கும் குஞ்சுக்கும் கணக்குப் போட்ட நாங்கள், தீன் விலை ஏறினால் இவர் என்ன செய்வார் என்று யோசிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் உலகமயமாதல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அது கோழிக்கூட்டுக்குள் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியவில்லை.

தீன் மூடையில் பெரும்பங்கு சோளம். புரதத்துக்காகச் சேர்ப்பது முக்கியமாக சோயாப் பிண்ணாக்கு. அது கப்பலில் வருவது.

எங்கள் ஊரில் செக்கில் எள்ளு ஆட்டுவது எண்ணெய்க்காக. பிண்ணாக்கு மிஞ்சுவது. சோயாவில் கதை வேறு. 100 கிலோ சோயா அவரையை ஆலையில் அரைத்தால் எண்ணெய் 18, 19 கிலோதான். பிண்ணாக்கு 80 கிலோவுக்குக் கிட்ட. ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியாது. ஆகவே இரண்டின் விலையும் ஒன்றையொன்று இழுக்கும்.

நெடுங்காலமாக ஆலைகளுக்குக் கூடிய வருமானம் தந்தது பிண்ணாக்கே. சீனா 2024இல் 10 கோடி தொன்னுக்கு மேல் சோயா அவரை வாங்கியது, பெரும்பகுதி பிரேசிலிடமிருந்து. அதைத் தன் ஆலைகளில் அரைத்துப் பன்றிக்கும் கோழிக்கும் கொடுக்கிறது. ஆர்ஜன்டீனா வேறு வழியில் போனது. ரொசாரியோ நகரை அண்டி, பரானா ஆற்றங்கரையில் பெரும் ஆலைகளைக் கட்டி, எண்ணெயாகவும் பிண்ணாக்காகவும் விற்கிறது. அதன் எண்ணெயைப் பெருமளவில் வாங்குவது இந்தியா.

2021இன் பின்னர் இன்னொரு மாற்றம். அமெரிக்காவில் சோயா எண்ணெயிலிருந்து வாகனங்களுக்கு டீசல் செய்வது பெருகியதால் புதிய ஆலைகள் எழுந்தன. எண்ணெய்க்காக அரைக்க அரைக்கப் பிண்ணாக்கும் குவியும். குவிந்தால் அதன் விலை இறங்கும்.

அப்படியானால் 2022இல் தீன் விலை ஏன் ஏறியது? அந்தப் பருவத்தில் தென் பிரேசில், பராகுவே, ஆர்ஜன்டீனாவில் மழை பொய்த்து சோயா விளைச்சல் குறைந்தது. பெப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் யுத்தத்தால் தானிய விலை ஏறியது. இங்கே 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததால் உள்ளூர்ச் சோளமும் குறைந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. இத்தனையும் சேர்ந்துதான் அந்த அக்காவின் கூட்டுக்குள் வந்தன. இதில் கைராசிக்கு எங்கே இடம்?

உலகச் சந்தையை எங்களால் மாற்ற முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம்.

கோழி தருகிறோம் என்று யாரும் வந்தால், தீன் செலவு எத்தனை மாதத்துக்கு, விலை ஏறினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல, உங்கள் உரிமை.

ஒரு கிலோ தீனுக்கு எத்தனை முட்டை விற்க வேண்டும் என்று வாரந்தோறும் கொப்பியில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், கடன்படுவதற்கு முன்பே கோழிகளைக் குறையுங்கள். மேய்ந்து திரியும் ஊர்க்கோழி முட்டை குறைவாக இட்டாலும் தீன் மூடையை நம்பி இருப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. செலவைக் குறைக்கப் பச்சைச் சோயாவை அரைத்துக் கோழிக்குப் போடாதீர்கள். புரதம் சமிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. ஆலையில் சூடாக்கித்தான் அதை நீக்குகிறார்கள்.

உங்கள் ஊரில் ஒரு கிலோ தீனுக்கு எத்தனை முட்டை? எழுதி அனுப்புங்கள். அடுத்த தடவை உதவித் திட்டம் தீட்டுவோர் கூடும்போது, அந்தக் கணக்கை அவர்கள் முன்னால் வைப்பேன்.