மேஸ்திரி எப்படி?

என் தந்தையார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றுக்கு 30 ஆண்டு சென்றுவந்த சைடர். நூல் அடிக்கடி அறுவது ஏன் என்று ஒருமுறை கேட்டாராம். "அறுந்தால் இணை, காரணம் கேட்பது உன் வேலையன்று" என்றார் மேஸ்திரி. அதன்பின் பத்தாண்டு அப்பா எதையும் கேட்கவில்லை. அடுத்து வந்த மேஸ்திரியோ ஷிப்டு முடிந்ததும் அழைத்து, தேய்ந்துபோன டிராவலரை உள்ளங்கையில் வைத்துக் காட்டி விளக்கினார். எங்கள் வீட்டில் இயந்திரப் புத்தகம் நுழைந்தது அதற்குப் பிறகுதான். அப்போது அப்பாவுக்கு வயது 45!

தொழிலாளி கற்பதை நிறுத்துவது பெரும்பாலும் சோம்பலால் அன்று, மேலே இருப்பவரின் குரலால்தான் என்பது என் கருத்து. ஆலை என்ன பள்ளிக்கூடமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் மதுரையைப் பார்க்கட்டும். 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னரே கண் அறுவை பயின்றவர். அவர் நிறுவிய மருத்துவமனை கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டாண்டு பயிற்சி தந்து, பார்வைச் சோதனையையும் அறுவைக்கு முந்தைய ஆயத்தங்களையும் அவர்களிடம் ஒப்படைத்தது. மருத்துவரின் நேரம் அறுவைக்கென மிஞ்சியது. ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சையும் இயன்றது. ஆக, கற்பித்ததால் வேலை கெடவில்லை.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நாம் சம்பளம் எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறோம். அங்கே மேஸ்திரி எப்படி என்று முதலில் விசாரி என்கிறார் அப்பா.