ஆளறிந்து ஒப்பமிடுதல்

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டம் நிறைவேறி, 1972இல் முதலாவது தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்ட காலந்தொட்டு, அட்டையின் வடிவமும் எண்ணின் நீளமும் மாறிவந்திருக்க, விண்ணப்பித்தவர் இன்னாரின் பிள்ளை, இன்ன வளவில் வசிப்பவர் என்று தம் கையொப்பத்தினால் உறுதிசெய்யும் பொறுப்பு, கிராமத்தில் அரசாங்கத்தின் பிரதிநிதியாய் இருப்பவரிடமே இருந்துவருகிறது. விதானையார் பதவி 1963இல் நீங்கிக் கிராமசேவகர் வந்தார். 1990இல் அவர் கிராம உத்தியோகத்தரானார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் முதியவர்களுக்கோ அவர் இன்னமும் விதானையார்தாம். இப்பொழுது விரலடையாளத்தையும் கருவிழியையும் முகத்தையும் இயந்திரமே பதிந்துகொள்ளும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் பற்றிப் பேசப்படுகிறது. அதன்பொருட்டு இலங்கையும் இந்தியாவும் 2022 மார்ச்சில் உடன்பாடு செய்துகொண்டு, 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாகக் கையளிக்கப்பட்டுமிருக்க, இயந்திரம் ஆளை அறிந்துகொள்ளுமாயின் கிராம உத்தியோகத்தராகிய நமது ஒப்பத்துக்கு என்ன அவசியம் என்னும் வினா நம்மவர் சிலரிடையே எழுந்திருப்பது இயல்பே. இயந்திரம் வருமுன்னும் வந்தபின்னும், ஒருவருக்குரிய சான்றுகளைத் தேடித் திரட்டும் பாரத்தில் பாதியேனும் நம்முடையது என்பது நமது அபிப்பிராயம்.

எண்ணையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்று, அவ்வாண்டின் எத்தனையாம் நாளில் அவர் பிறந்தார் என்பதைக் குறிப்பன. பெண்ணாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். இக்கணக்கில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி மாதம் 29 நாட்களாகவே கொள்ளப்படுவதால், 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் எண் 1985561 என்று தொடங்கும். நாட்காட்டியை விரித்து எண்ணிப் பார்க்கும் புதிய உத்தியோகத்தர் ஒருவர், 560 அன்றோ வரவேண்டும் என்று மயங்கி, குற்றமற்ற அட்டையைச் சந்தேகிக்க இடமுண்டு. பழைய அட்டையின் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமான எண்ணிலும் இதே கணக்குத்தான். ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கங்கள். ஆக, புதிய எண்ணின் முதல் ஏழு இலக்கங்களும் பிறந்த திகதியிலிருந்தும் பிறந்தவர் ஆணோ பெண்ணோ என்பதிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. பிறந்த திகதி நிலைநாட்டப்படாதவருக்கு எண்ணே தொடங்குவதில்லை. கருவிழியை எத்துணை நுட்பமாகப் பதிந்தாலும், அக்கண்ணுக்குரியவர் எந்தத் திகதியில் யாருக்குப் பிறந்தார் என்பதை அது சொல்லப்போவதில்லை.

பிள்ளை பிறந்த 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது விதி. வாவியின் இருமருங்கிலும் கடந்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்தவற்றை அறிந்த எவரும், அவ்விதி ஒவ்வொரு வீட்டிலும் நிறைவேறியிருக்கும் என்றோ, நிறைவேறிய இடத்திலும் கடதாசி எஞ்சியிருக்கும் என்றோ எதிர்பார்க்கமாட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோயிற்று. யுத்த காலத்தில் வாவிக்கு அப்பால் பிறந்த பிள்ளைகளுட் பலர் மருத்துவிச்சியின் கையில் வீட்டிலேயே பிறந்தார்கள்; பதிவாளரிடம் செல்வதற்குச் சோதனைச்சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்த காலத்தில், 42 நாட்கள் என்பது எளிதிற் கழிந்துவிடும் தவணையாகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் ஏறிவந்தபோது, ஆட்களை இழந்த குடும்பங்கள் ஆவணங்களைப் பற்றி நினைக்கவும் ஆற்றாதிருந்தன. 2006ஆம் 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் அகதி முகாம்களிலே பிள்ளைகளைப் பெற்றார்கள். வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர் குடும்பங்களிலோ, பிறப்புப் பதிவு பாட்டனுக்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை என்ற நிலையில், பேரப்பிள்ளையின் பதிவுக்குத் தேவையான பெற்றோர் விபரமே எழுத்திற் கிடைப்பதில்லை.

இத்தகைய ஒருவர் நம் அலுவலகத்துக்கு வரும்போது என்ன நடைபெறுகிறது என்பதை நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். வெள்ளாண்மை வேலை ஓய்ந்த ஒரு நாளில், வயல்வெளியைக் கடந்து ஒரு மூதாட்டி வருகிறார். முதியோர் கொடுப்பனவுக்கு அட்டை வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறோம். இல்லை என்கிறார். அப்படியாயின் பதிவேட்டைத் தேடுவித்துப் பதிவு இல்லை என்னும் அறிக்கையை எடுத்துவாருங்கள் என்கிறோம். எந்தப் பதிவாளர் பிரிவில் தேடுவது என்பது அவருக்குத் தெரியாது. தாய்வீடு மண்டூரா, தும்பங்கேணியா என்பதிலேயே அவருக்கு நிச்சயமில்லை. அறிக்கை கிடைத்தபின் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி வேண்டும். இயன்றால் பாடசாலைச் சான்று வேண்டும். அவரோ பாடசாலைப் படி ஏறாதவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாட்கூலி. மூன்றாவது பயணத்தோடு அவர் வராமற்போகிறார். வராதவரை நாமும் மறந்துவிடுகிறோம், விண்ணப்பம் கிடைக்கவில்லை என்று பதிவேடு சொல்கிறது, அது பொய்யுமன்று.

ஆயினும் அம்மூதாட்டிக்குச் சான்றே இல்லை என்று யார் சொல்லமுடியும்? அவருடைய மூத்த மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கும். விவாகப் பதிவு இருப்பின் அதிலும் வயது உண்டு. தங்கை ஒருத்தி ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தால், பாடசாலை இடாப்பில் அவளுடைய பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் இருக்கும்; தமக்கை அவளுக்கு எத்தனை வயது மூத்தவர் என்பதை ஊர் அறியும். பழைய வாக்காளர் இடாப்புகளில் அவரது பெயர் ஆண்டுதோறும் வந்திருக்கலாம். கத்தோலிக்கராயின் ஞானஸ்நானப் பதிவேடு. சைவராயின் பெட்டியடியில் ஓலையிலோ கொப்பியிலோ ஒரு சாதகக் குறிப்பு. சூறாவளி அடித்த ஆண்டில் தான் பெரியபிள்ளையாயிருந்தேனா, கைக்குழந்தையோடிருந்தேனா என்பதை எந்த மூதாட்டியும் மறப்பதில்லை. இவற்றையெல்லாம் எங்கே தேடுவது என்று அறிந்தவர் அவரல்லர், நாம். பாடசாலை அதிபரும் பதிவாளரும் பங்குத் தந்தையும் நமது ஒரு கடிதத்துக்கு மறுமொழி தருவார்கள். அவரை வாசலில் நிறுத்திவைப்பார்கள். சட்டம் கேட்கும் சான்றைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதைத் தேடும் பிரயாசையைக் கடதாசி படிக்கத் தெரிந்தவர் ஏற்க வேண்டும் என்கிறோம்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளின் காரியம் வேறு விதமானது. அட்டை பெறும் வயதைச் சட்டம் பதினாறிலிருந்து பதினைந்தாகக் குறைத்திருக்கிறது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அட்டையைக் காட்ட வேண்டியிருப்பதால் அதிபர்மாரும் சிரத்தையோடு விண்ணப்பங்களைச் சேகரித்து அனுப்புகிறார்கள். நகரத்துப் பாடசாலைகளில் ஒரு வகுப்பு முழுவதும் ஒருங்கே பதிவாகிவிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்று, மாதவணைப் பக்கம் மாட்டுப் பட்டிக்குப் போன பையனுக்கு அதிபர் இல்லை. வாவியில் தகப்பனோடு தோணி வலிக்கும் பிள்ளைக்கும் வகுப்பாசிரியர் இல்லை. அவர்கள் நமது கணக்கைச் சேர்ந்தவர்கள். மழைக்காலத்திற் பட்டியோடு வாடியிலும், கோடையில் வேறொரு மேய்ச்சல்தரையிலுமாக இருக்கும் ஒரு பையன், சிம் அட்டை வாங்கவோ வங்கிக் கணக்குத் திறக்கவோ சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கவோ வரும் நாளிலேதான், தான் எழுத்தில் இல்லாதவன் என்பதை அறிகிறான். இடைவிலகிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை ஆண்டின் முதல் தவணையிலேயே அதிபரிடமிருந்து கேட்டுப் பெறுதல் கடினமான காரியமன்று. அதைப் பழக்கமாகக் கொள்ளாதிருப்பதற்கு நியாயம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

பெயர் வேறுபாடு பற்றி ஒரு சொல். வீட்டிற் சின்னப்பிள்ளை, பிறப்புப் பதிவில் கண்ணகை, வாக்காளர் இடாப்பில் வேறொன்று என்பது வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் முதலெழுத்துகளாய்ச் சுருங்கி ஒவ்வொரு ஆவணத்தில் ஒவ்வொரு வரிசையில் நிற்பதுண்டு. விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன் கையிலுள்ள ஆவணங்கள் அனைத்தையும் மேசையில் வரிசையாய் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கும் பத்து நிமிடம், பின்னர் திருத்தத்துக்கென்று அவர் அலையும் மாதங்களை மீதப்படுத்தும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இந்தியாவின் ஆதார் என்னும் அடையாள எண் முதன்முதலாக 2010 செப்டெம்பர் 29ஆம் திகதி மகாராஷ்டிர மாநிலத்தின் தெம்பிலி என்னும் ஆதிவாசிக் கிராமத்தில் வழங்கப்பட்டது. அதன்பின் நூறு கோடிக்கு மேற்பட்டோர் அதிற் பதிவாகியிருப்பது பெருஞ்சாதனையே. அவ்வனுபவத்தில் நாம் கற்கத்தக்கவை இரண்டு. முதலாவது, உழைத்துத் தேய்ந்த கைகளின் ரேகையை இயந்திரம் பலவேளை ஏற்பதில்லை என்பது. பங்கீட்டுக் கடைகளில் விரல் பொருந்தாமல் அரிசியின்றித் திரும்பிய கூலியாட்களையும் முதியவர்களையும் பற்றிய முறைப்பாடுகள் அங்கு நெடுங்காலம் எழுந்தன. நம் வாவியில் ஆண்டுக்கணக்காய் நைலோன் வலையிழுத்தும், இறாலின் முள் ஏறியும், உப்புநீரில் ஊறியும் தடித்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரல் பதியாதவருக்குக் கருவிழி, அதுவும் இயலாதவருக்கு ஆளை நேரில் அறிந்தவரின் எழுத்து என்ற வரிசை, திட்டம் தொடங்குமுன்னரே விதியாக எழுதப்பட வேண்டும். இரண்டாவது, ஆவணம் ஒன்றுமில்லாதவரை நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிமுகஞ்செய்து பதிவிக்கும் வழியை ஆதார் விதிகள் ஏற்படுத்தியிருந்தும், அவ்வழியே பதிவானவர்கள் மிகச் சிலரே என்பது. அங்கு அறிமுகஞ்செய்பவரைப் புதிதாக நியமிக்க வேண்டியிருந்தது. இங்கோ அந்த உத்தியோகம் நம் கிராமத்திலேயே ஏற்கனவே இருக்கிறது.

அட்டையைக் குறித்துச் சனங்களிடம் உள்ள அச்சத்தையும் நாம் அசட்டை செய்தலாகாது. யுத்த காலத்தில் வலையிறவுப் பாலத்திலும் மண்முனைப் பாதைத் துறையிலும் சோதனைக்காக அட்டையை நீட்டி நின்ற தலைமுறை இன்னமும் உயிரோடிருக்கிறது. அட்டை இல்லாதவன் கடக்கமுடியாது. அட்டை உள்ளவனும், அதிலுள்ள ஊர்ப்பெயரைப் படித்தவரின் முகம் மாறுகிறதா என்று பார்த்தபடியே நின்றான். அப்படி நின்ற ஒருவர், குடும்ப விபரம் அனைத்தையும் கேட்கும் படிவத்தை நிரப்பத் தயங்குவாராயின், அத்தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாத்தற் சட்டம் பேரளவிற் கூறுவதை, நமது அலுவலகம் சிற்றளவிற் கடைப்பிடிக்கலாம்: நிரப்பிய விண்ணப்பங்கள் மேசைமேல் திறந்து கிடத்தல் கூடாது, ஒருவருடைய எண்ணை மற்றொருவர் முன்னிலையில் உரக்கப் படித்தல் கூடாது, அட்டையின் பிரதியைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புதல் எக்காரணத்தினாலும் கூடாது. கடைசியாகச் சொன்னது அவசரத்தில் நடைபெறுவதை நாம் அறிவோம், நிறுத்தப்பட வேண்டும்.

நடமாடும் சேவைகளின் காலம் பற்றியும் பிரதேச செயலாளர்களின் கவனத்துக்கு ஒரு விண்ணப்பம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் பட்டிப்பளைப் பிரதேசத்தின் நிலை பெரிதும் மாறியிருப்பினும், மாரி வெள்ளத்தில் துண்டிக்கப்படும் கிராமங்கள் வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் இன்னமும் உள்ளன. வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு அறுபது கிலோமீற்றருக்கும் அதிக தூரம். அட்டைக்குரிய சர்வதேச தரப் புகைப்படம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவிலேயே எடுக்கப்பட வேண்டும் என்பதால், ஸ்ரூடியோ இல்லாத பிரதேசத்தவருக்குப் படத்துக்கென்றே ஒரு தனிப் பயணம் ஏற்படுகிறது. நடமாடும் சேவையை மாரியிலும் வைக்காமல், அறுவடை நெருக்கத்திலும் வைக்காமல், இடைப்பட்ட வாரங்களில் வைத்து, படமெடுப்பவரையும் மேலதிக மாவட்டப் பதிவாளரையும் சமாதான நீதவானையும் ஒரே கூரையின்கீழ் இருத்துவதானால், மேலே சொன்ன மூதாட்டியின் பயணங்கள் பல ஒன்றாகிவிடும்.

அதற்கு முன்னோடியாக, வருகிற மாரி தொடங்குமுன் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தரும் தம் பிரிவில் பதினைந்து வயது நிரம்பியும் அட்டையில்லாதிருப்பவர்களின் பட்டியலை ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெயருக்கு நேரே, பிறப்புப் பதிவு உண்டா, தேடுவித்தாயிற்றா, எந்தப் பதிவாளர் பிரிவில், வேறு என்ன சான்று யாரிடம் இருக்கக்கூடும் என்னும் நிரல்கள் இருத்தல் வேண்டும். அப்பிரிவிலிருந்து இடமாற்றம் பெறுபவர் அக்குறிப்பேட்டைத் தமக்குப் பின் வருபவரிடம் கையொப்பத்தோடு ஒப்படைத்தல் வேண்டும். இதன் மாதிரிப் படிவம் ஒன்றை அடுத்த இதழில் வெளியிட எண்ணியிருக்கிறோம். தம் பிரிவின் அனுபவத்தில் எந்த நிரலைச் சேர்க்கவேண்டும், எதை நீக்கவேண்டும் என்று கருதும் அன்பர்கள் அதற்குள் எழுதியனுப்புவார்களாக. சிறப்பாக, வாகரை, கிரான், வெல்லாவெளிப் பிரிவுகளில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவர்களின் குறிப்புகளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.