உப்பனாற்றை அளப்பது யார்?

கடலூர் சிப்காட் வளாகத்தையொட்டி ஓடும் உப்பனாற்றின் கரையோரக் கிணறுகளில் காரீயம் கலந்திருக்கிறதா என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய இயலாது. குடிநீரில் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது நூறு கோடியில் பத்துப் பங்கு.

அத்தகைய நுண்ணளவை அளக்கும் வழியை 1922இல் திறந்தவர் செக் அறிஞர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. பாதரசத் துளியை மின்முனையாக்கிய அவரது முறைக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் வழிவந்த ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரியில், நீரிலுள்ள உலோகம் முதலில் பாதரசத்தில் திரட்டப்படுகிறது. பின்னர் மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் வெளியேறி, தன் அளவைக் காட்டிவிடுகிறது. பாதரசம் நஞ்சு என்போருக்கு பிஸ்மத் மின்முனை மாற்றாக உள்ளது.

கடலூரைக் கடும் மாசுற்ற தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது 2009இல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் உயராய்வு மையமும் அருகிலேயே உள்ளன. அரசு அவற்றிடம் இப்பணியை ஒப்படைத்து, கிணறுவாரியான அளவுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும். தான் குடிக்கும் நீரில் என்ன இருக்கிறது என்பது ஆய்வேட்டுக்குரிய செய்தியன்று, குடிமக்களின் உரிமை.