எல்லாவற்றுக்கும் எக்கோ எதற்கு?

நம் ஊரில் மைக் செட் என்று ஒன்று வந்துவிட்டால் அதில் எக்கோ இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு எழுதப்படாத அரசாணை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், நினைவஞ்சலி எதுவானாலும் மைக் செட்காரர் வந்து "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" என்பதை மூன்று தடவை சொல்வார். நமக்கு ஒன்பது தடவை கேட்கும். பக்கத்தில் நிற்பவர்கள் "சூப்பரா இருக்குங்க" என்பார்கள். என்ன சூப்பர் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உடனே எழுத வைத்தவர்கள் காந்தல் பையன்கள் சிலர். பாட்டுக் குழுவுக்கு ஒரு எலக்ட்ரிக் கிதார் வாங்கிவிட்டார்கள். அடுத்து அதற்கு ரிவெர்ப் பெடல் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். முப்பது வருஷம் பகலில் கோப்பும் ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிதாரும் பார்த்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, இதுல எட்டு விதமான ரிவெர்ப் இருக்குங்க. ஹால் இருக்கு, ஷிம்மர் இருக்கு. பாடுறவங்க மைக்கையும் இது வழியா விட்டுடலாம்னு இருக்கோம்" என்றான் ஒருவன்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். எக்கோ வேறு, ரிவெர்ப் வேறு. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரே ஒரு பாறையோ சுவரோ இருபது மீட்டருக்கு அப்பால் இருந்தால் நாம் கத்தியது தனியாகத் திரும்பி வருவது காதுக்குத் தெரியும். அது எக்கோ. ஒரு மண்டபத்துக்குள் சுவர், கூரை, தரை, தூண் எல்லாவற்றிலும் பட்டு ஆயிரம் சின்னத் திரும்பல்கள் ஒன்றோடொன்று கலந்து வால்போல நீண்டு அடங்கினால் அது ரிவெர்ப். நான் படித்தது ஃபிரெஞ்சு வழியில். அந்த மொழியில் தெருவிளக்குக்கு 'ரெவெர்பேர்' என்று பெயர், ஒளியைத் திருப்பி அடிப்பதால். தெருவிளக்கு தெருவில் இருந்தால் நல்லது. படுக்கையறையில் கொண்டுவந்து நட்டால் யார் தூங்குவது?

மண்டபத்தின் இந்த வாலை முதன்முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபீன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது எவருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி பிடித்தது. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பதினைந்து சொல்லைச் சொல்லிவிடுவார், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும். சபீன் பக்கத்து அரங்கத்திலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் வால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மெத்தை மட்டுமல்ல, மனித உடம்பும் ஒலியை விழுங்குகிறது என்று கண்டார். இன்றைக்கும் அரங்கம் கட்டுகிறவர்கள் அவர் கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்த மனிதர் இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த ஒன்றை நாம் காசு கொடுத்து வாங்கிக் கூட்டுகிறோம்.

அப்படியானால் கிதாருக்கும் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எலக்ட்ரிக் கிதாரில் வயிறு கிடையாது. கம்பியின் நடுக்கம் காந்தச் சுருள் வழியாக நேரே ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. வெறுமனே கேட்டால் வறட்டுச் சத்தம். கொஞ்சம் வால் வைத்தால்தான் பாட்டோடு சேரும். அதற்குக் கிதார்காரர்கள் தேடிக்கொண்ட வழிதான் ஸ்பிரிங்.

இந்த ஸ்பிரிங் வந்த கதை வேடிக்கையானது. முதலில் இது சங்கீதத்துக்காகச் செய்யப்படவே இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் வரும் தாமதத்தையும் எதிரொலியையும் ஆராய்வதற்காக ஸ்பிரிங் வைத்து ஒரு கருவி செய்தார்கள். டிரங்க் கால் போட்டுக் கத்திய தலைமுறைக்கு அந்த எதிரொலி ஞாபகம் இருக்கும். லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் மின்சார ஆர்கன் செய்து தேவாலயங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். குழாய் ஆர்கனின் கம்பீரம் இதில் இல்லை, சத்தம் வறட்சியாக இருக்கிறது என்று குறை வந்தது. அவர் அந்தத் தொலைபேசி யுக்தியை எடுத்து, எண்ணெய் நிரப்பிய குழாய்களில் ஸ்பிரிங்குகளைத் தொங்கவிட்டு, ஆர்கனோடு சேர்த்தார். இது 1930களின் கடைசியில். பிறகு 1960 வாக்கில் அது ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான தகரப் பெட்டியாகச் சுருங்கியது. லியோ ஃபெண்டர் அதை வாங்கி 1961இல் கிதாருக்கென்று தனி ரிவெர்ப் பெட்டி செய்தார். 1963இல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வைத்துவிட்டார்.

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு முனையில் காந்தமும் சுருளும். கிதாரின் ஒலி அங்கே ஸ்பிரிங்கை முறுக்கி அசைக்கும். அசைவு மறுமுனைக்குப் போய்ச் சேர ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஆகும். அங்கே இன்னொரு சுருள் அதை மீண்டும் மின்சாரமாக்கும். மீதி அசைவு திரும்பி ஓடி மறுபடி வரும். ஒரே நீளத்தில் வைத்தால் ஒரே தாளத்தில் தட்டும் என்பதால் தாமதம் வேறுபடும் இரண்டு மூன்று ஸ்பிரிங் வைப்பார்கள். ஸ்பிரிங்கில் கீச்சுக் குரலும் கட்டைக் குரலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால்தான் கம்பியை வெடுக்கென்று சுண்டினால் தண்ணீர் சொட்டுவதுபோல் ஒரு 'டொய்ங்' வருகிறது. (ஃபிரெஞ்சில் ஸ்பிரிங்குக்கு 'ரெஸோர்' என்பார்கள். அதே சொல்லுக்கு அதிகார வரம்பு என்றும் பொருள் உண்டு. பாடகர் தொண்டை ஸ்பிரிங்கின் அதிகார வரம்பில் இல்லை என்பதே என் கட்சி.)

இனி பையன்களுக்குள் நடந்த சண்டை. ஒருவன் எட்டு விதம் என்று நின்றான். அது பாஸ் கம்பெனியின் ஆர்வி-6. நல்ல பொருள்தான். அதில் ஸ்பிரிங்கும் ஒரு விதம். மீதி ஏழை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஷிம்மர் என்பது அடித்த சுரத்துக்கு மேல் இன்னொரு ஸ்தாயியைக் கூட்டி வானத்தில் மிதக்க விடுவது. ஒரு நாள் கேட்க நன்றாக இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் மிதந்தால் பாட்டு எங்கே இறங்கும்? எட்டுத் திருகு நிலை இருந்தால் நடுப் பாட்டில் குனிந்து அதைத் திருகிக்கொண்டிருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவன் கட்சி வேறு. "கம்ப்யூட்டர் சிப் எல்லாம் டூப்பு தாத்தா, நிஜ ஸ்பிரிங் உள்ள பெடல்தான் அசல்." இதுவும் எனக்குச் சம்மதமில்லை. ஸ்பிரிங்கே மண்டபத்தின் டூப்புதானே அப்பா! டூப்புக்கு டூப்பு எடுத்தால் என்ன குடி முழுகிப் போகும்? நிஜ ஸ்பிரிங் மரமேடையில் இருந்தால் யாராவது தொம் என்று நடந்தாலே இடி இடிக்கும். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஹும் என்று இரையும். காலடியில் வைக்கும் அளவுக்குப் பெட்டியைச் சுருக்கினால் ஸ்பிரிங்கும் குட்டையாகும், சத்தம் தகர டப்பாவாகும். இதற்கெல்லாம் மேலே நம் நீலகிரி ஈரம். ஜூன் ஜூலை மழையில் பீரோவுக்குள் செருப்பு பூக்கும் ஊரில் மெல்லிய எஃகுக் கம்பியும் மயிரிழைச் சுருளும் எத்தனை வருஷம் தாங்கும்?

என் தேர்வு எளிது. ஸ்பிரிங் ஒலியைச் சிப்பில் செய்து தரும் சின்னப் பெடல், திருகு ஒன்றோ இரண்டோ மூன்றோ போதும். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ஹோலி கிரெயிலில் ஒரே ஒரு திருகுதான், ஸ்பிரிங்கும் உண்டு. அதற்காக அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. கடையில் உங்கள் கிதாரை மாட்டி, கட்டைக் கம்பியை வெடுக்கென்று சுண்டிப் பாருங்கள். 'டொய்ங்' கேட்க வேண்டும், ஆனால் அடுத்த சுரத்தை அது விழுங்கக் கூடாது. டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் ரிவெர்ப் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். மாற்றி வைத்தால் வாலையும் சேர்த்துக் கரகரப்பாக்கிவிடும்.

எவ்வளவு வைப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். காலி மண்டபத்தில் ஒத்திகை பார்த்து அளவு வைக்கக் கூடாது. சபீனின் மெத்தையை நினைவில் வையுங்கள். நம் ஊர்க் கூட்டம் வெறும் உடம்போடு வருவதில்லை. ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, சால்வை என்று மெத்தையாகவே வருகிறது. ஆட்கள் நிறைந்ததும் ஒலி மாறிவிடும். நிறைந்த பிறகு திருகைக் கூட்டி, ரிவெர்ப் கேட்கிறது என்று தெரிந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். திறந்தவெளித் திருவிழாவென்றால் கணக்கு வேறு. அங்கே சுவரே இல்லை, கிதாருக்குச் சற்றுக் கூடுதலாக வைக்கலாம். ஆனால் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அந்தத் தூரமே எக்கோவைத் தானாகத் தந்துவிடும். காசு கொடுத்து வேறு வாங்க வேண்டாம்.

இப்போது தொண்டைக்கு வருகிறேன். "இளையராஜா பாட்டுல குரலுக்கு எக்கோ இருக்கே தாத்தா" என்றான் எட்டு விதக்காரன். இருக்கிறது. அது ஒலிப்பதிவுக் கூடத்தில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில், பொடி போடுவதுபோல் அளந்து போட்டது. அதை நீ கேட்பது உன் வீட்டுச் சின்ன அறையில், அல்லது காதுக்குள் சொருகிய கருவியில். அங்கே மண்டபம் கிடையாது. கல்லும் சிமெண்டும் ஓங்கிய கூரையுமாக உள்ள இடத்தில், இருக்கிற வாலுக்கு மேல் இன்னொரு வால் ஒட்டினால் அது வால் அல்ல, தும்பிக்கை.

வயதானால் காது முதலில் இழப்பது கீச்சு ஒலிகளை. சொல்லுக்கு விளிம்பு வைப்பவை மெய்யெழுத்துகள், அவற்றின் கூர்மை இருப்பது அந்த மேல் ஒலிகளில். எங்கள் வயதில் க, ச, ட, த, ப, ற எல்லாம் ஏற்கெனவே பாதி மழுங்கித்தான் வந்து சேர்கின்றன. அதன்மேல் முந்தைய உயிரெழுத்தின் வால் வந்து படர்ந்தால் மீதிப் பாதியும் போயிற்று. சில மாதங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் நினைவஞ்சலிக் கூட்டம். இறந்தவர் என் சம வயது. பேசியவர் அவரைப் பற்றி ஏதோ மனமுருகச் சொன்னார், முன் வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். பின்னால் இருந்த நாங்கள் ஐந்தாறு கிழவர்கள் ஆ, ஓ, ஆ என்று ஒரு முழக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். கடைசியில் முப்பதாம் நாள் பூசை ஏழு மணிக்கா ஏழரைக்கா என்று வெளியே வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. மைக் செட்காரரிடம் குறைக்கச் சொன்னதற்கு, "எக்கோ இல்லேன்னா டல்லா இருக்கும் சார்" என்றார். இரங்கல் கூட்டம் டல்லாக இல்லாமல் பின்னே எப்படி இருக்கும்?

இளைஞர்களுக்குப் பிடித்திருக்கிறது, கிழவர்கள் குறுக்கே நிற்காதீர்கள் என்று சிலர் எழுதக்கூடும். கிதாரில் உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரவில்லை. ஜெப வரியும் பாட்டின் சொல்லும் அறிவிப்பும் எல்லாருக்கும் பொது. கூட்டத்தில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்களாக இருக்கும் ஊரில் அந்தப் பாதிக்குச் சொல் போய்ச் சேர வேண்டாமா?

பையன்களிடம் சொன்னது இதுதான். பெடல் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மட்டும். பாடகர் மைக் மிக்ஸருக்கு நேரே போகட்டும், மிக்ஸரில் எஃபெக்ட் என்று எழுதிய திருகு அந்த வரிசைகளில் பூஜ்யத்தில் நிற்கட்டும். முதல் ஞாயிறு பாட்டின்போது கடைசி பெஞ்சில் என்னை உட்கார வையுங்கள், புதுப் பாட்டாக ஒன்று பாடுங்கள், நான் சொற்களை எழுதிக் காட்டுகிறேன். எழுத முடியாத சொல் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். சரி என்று போயிருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இந்தப் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், அடாப்டர் முனையின் நடுப்பகுதி மைனஸ். உங்களிடம் இருக்கும் யமஹா கீபோர்டின் அடாப்டர் 12 வோல்ட், நடுப்பகுதி பிளஸ். முனை பொருந்துகிறதே என்று அதைச் சொருகிவிடாதீர்கள். பேட்டரியை நம்பவும் வேண்டாம், சிப் வைத்த பெடல் சீக்கிரம் குடித்துவிடும். பெடலுக்குரிய அடாப்டரையும் சேர்த்தே விலை கேளுங்கள்.